முன்சீட்டில் மணல்

“முன்னாடி வழக்கமா யாரு உக்காருவாங்களோ, அவங்கள உக்கார வெச்சாதான் வண்டி ஒயரம் சரியா வரும்ணே. அண்ணியையும் கூட்டினு வந்துருக்கலாமே” என்றேன்.

பலராமன் அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடி வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவளால வர முடியாதுப்பா. வேற எதனா வழி பண்ணு.”

வழியா இல்லை? வேங்கிக்காலில் என் பட்டறைக்குப் பின்னால் பூச்சு வேலைக்குக் கொட்டிய மணல் கிடந்தது. ஆள் வராவிட்டால் மணலைக் கோணியில் அள்ளி, ஆள் மாதிரி சீட்டில் உட்கார வைத்துவிடுவது என் வழக்கம்.

அந்தப் பழைய அம்பாசிடரை மழைக்கு முன்பே கயிறு கட்டி இழுத்து வந்து விட்டிருந்தார். ஸ்டியரிங்கைக் கால் சுற்று சுற்றினால்தான் சக்கரத்துக்குச் சேதியே போகும். “உங்கண்ணனும் இப்படித்தான், காலைல சொன்னா சாயந்தரம் திரும்புவாரு” என்று பொன்னி அண்ணி முன்பு ஒருமுறை சொல்லிச் சிரித்ததுண்டு.

முன்பக்கத்தை மொத்தமாகக் கழற்றிக் கீழே போட்டேன். ஸ்டியரிங் ராக்கைப் புதுப்பித்தேன். தேய்ந்துபோன புஷ்ஷு, பின்னு எல்லாவற்றையும் மாற்றினேன். இப்போது ஒரு விரலால் ஒடித்தால் போதும், வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும்.

அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தீபம் முடிந்து கூட்டம் கலைந்ததும், உச்சியில் சுடர் எரிகிற நாட்களிலேயே, அண்ணியை முன்சீட்டில் வைத்து மலையை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும். வழியில் ஒரு குழிகூட அண்ணி உடம்புக்குத் தெரியக்கூடாது. ஆபரேஷன் ஆன உடம்பு.

தேறி வருகிறாள் என்றுதான் அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வந்து பார்க்கிறேன் என்பவர்களிடம், தூங்குகிறாள், அப்புறம் வாங்க என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுவார். என்னையும் அப்படித்தான் அனுப்பினார். நானும் நம்பினேன்.

கோணி நிறைய மணலை அள்ளினேன். போதாது என்று இன்னொரு கோணியில் பாதி. அண்ணி நல்ல வாட்டசாட்டம். அவர் ஏறினாலே வண்டி ஒரு பக்கம் பணியும். “தேரு அசையுது” என்று நான் கிண்டல் செய்தால் முதுகில் ஒன்று வைப்பார்.

மூச்சு வாங்க இரண்டையும் தூக்கிச் சீட்டில் வைத்தேன்.

“அண்ணி வந்தாச்சுண்ணே.”

அவர் சிரிக்கவில்லை.

ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டேன். வண்டியின் எடையைத் தாங்குகிற முறுக்குக் கம்பியை உட்காரும் ஆளுக்கு ஏற்றபடி வைக்கவேண்டும். அதில்தான் சொகுசெல்லாம் இருக்கிறது.

“எடை இவ்ளோதானான்னு பாத்துக்குங்கண்ணே” என்று அடியிலிருந்தே சொன்னேன். “ஜாஸ்தி எடைக்கு வெச்சுட்டு கம்மியான ஆளு உக்காந்தா, முன்பக்கம் வெறைச்சுக்கும். ஒவ்வொரு குழியும் இடுப்புல வந்து இடிக்கும்.”

வெளியே, தீபத்துக்குத் தடுப்புக் கட்ட சவுக்குக் கட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி போனது.

பிறகு கதவு திறந்தது. அவருடைய செருப்புக் கால்கள் வண்டியைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தன. பாதிக் கோணி தரையில் இறங்கியது.

சரிதான், நோவில் கிடந்தவர் இளைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

தரையில் மணல் கொட்டும் சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தேன். முழுக்கோணியின் வாயைப் பிரித்து, இரண்டு கையாலும் அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தார். சட்டையில் துளி அழுக்குப் படச் சம்மதிக்காத மனிதர். இரும்புச் சட்டியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“போதும்ணே, ஸ்கூல் புள்ள எடை ஆயிடுச்சு” என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

அவர் நிறுத்தவில்லை.

நிமிர்ந்து உட்கார்ந்திருந்த கோணி மெல்ல மடிந்து சீட்டின் மூலையில் சாய்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஒருவழியாக நிறுத்தினார். கோணியின் அடியில் ஒரு கையும் முதுகுப் பக்கம் ஒரு கையுமாகக் கொடுத்து, சீட்டிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். தினம் தூக்குகிற கை. தராசு தேவைப்படவில்லை. தூக்கியதை அலுங்காமல் திரும்ப உட்கார வைத்தார்.

“இவ்ளோதான்பா” என்றார்.

முகத்தை மறைத்துக்கொள்ள வண்டியின் அடிதான் வசதி. படுத்துக்கொண்டு ஸ்பேனரைப் பொருத்தினேன்.

“சக்கரவர்த்தி, இரு.”

கதவு மறுபடியும் திறந்தது. மேலும் நாலு கை மணல் தரையில் விழுந்தது.

“கோயில்ல கொடியே இன்னிக்குத்தான ஏறிச்சு” என்றார். “தீபத்துக்கு இன்னும் நாள் இருக்கே.”