நான்காவது பிஸ்டன்

புகை தள்ளுகிறது என்று ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் என்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். தேய்ந்த பிஸ்டன் தட்டில் கிடந்தது. அதைவிடச் சற்றுப் பருமனான புதிய பிஸ்டன், அட்டைப்பெட்டியிலிருந்து சிலிண்டரைப் பார்த்தது.

“நான் வர இடம் போதாது. உன் சுவரைக் கொஞ்சம் கடைந்து அகலமாக்கச் சொல்.”

“ஏற்கெனவே இரண்டு முறை கடைந்தாயிற்று,” என்றது சிலிண்டர். “இனியும் கடைந்தால் சுவர் தகடாகிவிடும். சூடு தாங்காது.”

தட்டில் கிடந்த பிஸ்டன் மெல்லச் சொன்னது: “என்னைச் சுற்றிப் புது ரிங் போட்டாலே ஓடுவோம். முன்போலப் பறக்க முடியாது, அவ்வளவுதான்.”

“பறக்காத ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு?” என்றது புதியது. “நான் வந்துவிட்டால் நீ புது என்ஜின்தான்.”

“தட்டில் கிடக்கும் இவன் வந்தபோதும் இதையேதான் சொன்னான்,” என்றது சிலிண்டர்.

“ரிங் மட்டும் மாத்தினாப் போதும் சார்,” என்றார் மெக்கானிக் செல்வின். காரின் சொந்தக்காரருக்கு மனம் ஒப்பவில்லை. “பறக்கணும்ப்பா,” என்றார்.

கடைந்தார்கள். கார் பறந்தது.

மலைச்சாலையில் பாதி ஏறியபோது புதிய பிஸ்டன் சூட்டில் வீங்கித் திணறியது.

“என்னால் நகர முடியவில்லை. இன்னும் கொஞ்சம் இடம் கொடேன்!”

“உனக்குக் கொடுத்தது போக என்னிடம் எதுவும் மிச்சமில்லை,” என்றது சிலிண்டர்.

அதன்பிறகு பிஸ்டனும் அசையவில்லை, காரும் அசையவில்லை.