பெட்ரோலே போதும்

"டீசலா, பெட்ரோலா? அதை மட்டும் சொல்லிட்டீங்கன்னா மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றான் டிரென்ட்.

"டீசல்" என்றாள் ஆர்டித்.

"பெட்ரோல்" என்றார் வெர்லின்.

இரண்டு பதிலும் ஒன்றாக வந்து விழுந்ததில் டிரென்ட் சிரித்துவிட்டான். அந்தச் சின்ன ஊரில் பிக்கப் வண்டி விற்கும் ஒரே கடை அவனுடையது. பள்ளிக்கூடச் சமையலறையில் ஆர்டித் பரிமாறியதைத் தின்று வளர்ந்தவன்.

ஆர்டித் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "கிண்டல் பண்றியா? கல்யாணம் ஆனதிலேர்ந்து நம்ம வாசல்ல டீசல் வண்டிதான் நின்னிருக்கு. பெட்ரோல் வண்டி வச்சிருக்கிறவனைப் பார்த்தா, 'என்னப்பா, தையல் மிஷினா ஓட்டறே?'ன்னு கேட்கிற ஆளு நீ!"

"அப்போ மாடு இருந்துச்சு. ஏத்தி இழுக்க டீசல் வேணும். இப்போ மாடா இருக்கு?"

மாடு இல்லை. சக்கரம் வைத்த டிரெய்லர் வீடு ஒன்று வாங்கலாமே! வண்டிக்குப் பின்னால் அதை மாட்டிக்கொண்டு, மலையெல்லாம் தாண்டி, ஓரிகன் கடற்கரை வரைக்கும் போகலாமே!

கடலே இல்லாத வடக்கு டகோட்டாவில் பிறந்து, கோதுமையையும் பனியையும் பார்த்தே தலை நரைத்தவள் ஆர்டித். கடலை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் "கூட்டிட்டுப் போறேன்" என்றார் வெர்லின். அந்த வருஷம் கன்று ஈனும் நேரம் என்று தள்ளிப் போயிற்று. அப்புறம் அறுவடை. அப்புறம் ஆலங்கட்டி மழையில் பயிர் போயிற்று. அப்புறம் அவளே கேட்பதை விட்டுவிட்டாள்.

ஆனால் கடைசி மாட்டையும் விற்ற அன்றைக்கு, அவர் கொட்டகையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, அவளுக்கு மட்டும் உள்ளுக்குள் அலை அடித்தது. போர்ட்லாண்டில் இருக்கும் தங்கை அனுப்பிய கடல் வீடியோவைப் பாத்திரம் கழுவும்போதெல்லாம் சத்தமாக ஓடவிடுவாள்.

"மலை ஏறணும்னா டீசல்தான்னு நீயேதானே சொல்லுவே?" என்றாள். குரல் கெஞ்சியது அவளுக்கே கேட்டது.

வெர்லின், பக்கத்தில் நின்ற வண்டியின் டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். "பெட்ரோலே போதும். எழுதிக்கோ டிரென்ட்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டை அவர் முன்னால் 'டொக்'கென்று வைத்தாள்.

"கடலுக்குப் போறதா இல்லைன்னா வாயைத் திறந்து சொல்லிடேன்."

"சாப்பிடு, ஆறிடும்."

"உனக்கு வயசாயிடுச்சுன்னா நானும் மூலையில உட்காரணுமா கிழவா?"

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு காலிக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

மறுநாள் காலை ஆர்டித் தனியாகக் கடைக்கு வந்தாள்.

"டிரென்ட், அதை டீசலா மாத்திடு. கூட ஆகிறதை நான் தர்றேன். அந்த மனுஷன்கிட்ட மூச்சு விடாதே. வாசல்ல வந்து நின்னுட்டா அப்புறம் என்ன பண்ணுவாரு? கிளம்பித்தானே ஆகணும்!"

டிரென்ட் சிரிக்கவில்லை. எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"வேண்டாம்மா."

"ஏன்?"

"சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"நான் போட்ட சோத்தைத் தின்னவன்டா நீ. சொல்லு."

டிரென்ட் பேனாவைக் கீழே வைத்தான்.

"உங்க பழைய வண்டி ஏன் நின்னு போச்சு தெரியுமா?"

"என்ஜினுக்கு வயசாயிடுச்சுன்னாரு."

"என்ஜினுக்கு ஒண்ணும் வயசாகலை. டீசல் டேங்க்ல பெட்ரோலைப் போட்டுட்டாரு. முதல் தடவை நாங்க எல்லாத்தையும் இறக்கிக் கழுவிக் கொடுத்தோம். கொஞ்ச நாள்லயே மறுபடியும் போட்டுட்டாரு. என்ஜின் போயிடுச்சு. காலம் பூரா டீசல் போட்ட கைம்மா அது. எந்தக் குழாயை எடுக்கணும்னே சட்டுனு தெரிய மாட்டேங்குதுங்கிறாரு. பங்க்ல நின்னு அழுதாரு."

ஆர்டித் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இந்த வண்டியில அந்தப் பயம் இல்லை. டீசல் குழாயோட மூக்கு பெரிசு. பெட்ரோல் வண்டியோட வாய்க்குள்ள அவ்வளவு லேசுல நுழையாது. அதை எங்கேயோ கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் பெட்ரோல் போதும்னாரு. நேத்து ராத்திரி கொட்டகையிலேர்ந்து போன் பண்ணித்தான் என்கிட்ட எல்லாத்தையும் சொன்னாரு. 'ஓட்டறதை அவ பார்த்துப்பா. எண்ணெய் போடறது மட்டுமாவது என் வேலையா இருக்கட்டும். அதுலயும் தப்புப் பண்ணி அவளைப் பாதி வழியில நிறுத்திடக் கூடாது'ன்னாரு."

"பாதி வழியிலயா? எங்க போற வழியில?"

டிரென்ட் தலையைச் சொறிந்தான்.

"அதையும்தான் சொல்லக் கூடாதுன்னாரு. பெட்ரோல் வண்டி இழுக்கிற மாதிரி, சின்னதா ஒரு டிரெய்லர் வீடு பார்த்து வச்சிருக்காரும்மா. 'அவசரம் என்ன? அடுத்த வருஷம் நல்லதா, பெரிசா வாங்கிக்கலாமே'ன்னு நான் சொன்னேன். கேட்கவே இல்லை."

"என்ன சொன்னாரு?"

"'இந்தக் கோடையிலேயே போயாகணும். கடலைப் பார்த்தப்போ அவ முகம் எப்படி இருந்துச்சுன்னு, எனக்கும் கொஞ்ச நாளாவது ஞாபகம் இருக்கணுமே'ன்னாரு."