பெயர் வருகிற இடம்

வரிசையில் நின்றவர்களில் ஹெலன் மட்டும்தான் செல்போனை வெளியே எடுக்கவில்லை.

கம்பெனி கேன்டீனில் ஒரு மூலையைத் துணி கட்டி மறைத்து, டோல்கேட் செட் என்கிற கானாக் குழுவை உட்கார வைத்திருந்தார்கள். ஐந்து பேர், முன்னால் பிரியாணிப் பொட்டலம். சாயங்காலம் குடும்ப விழா மேடையில் அவர்களுடைய கானா. அதற்கு முன் குலுக்கலில் பெயர் விழுந்த தொழிலாளிகள் மட்டும் உள்ளே போய் ஆளுக்கொரு படம் எடுத்துக்கொள்ளலாம்.

ஹெலனின் பெயர் விழவில்லை. கூட வேலை பார்க்கிற பூமிகாவுக்கு விழுந்த சீட்டைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருந்தாள்.

"அந்தப் பசங்க மேல அவ்ளோ பைத்தியமாடி உனக்கு?" என்று பூமிகா கேட்டபோது சிரித்து வைத்தாள். செட்டின் படம் போட்ட பனியனை வேறு வாங்கி மாட்டியிருந்தாள். அது உடம்பில் பட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உண்மையான ரசிகன் அவள் அண்ணன் எபினேசர். குளிக்கும்போதும் அவர்கள் பாட்டு, சாப்பிடும்போதும் அவர்கள் பாட்டு. அதனால்தான் இதே கம்பெனியில் கிரேன் சங்கிலி அறுந்து அவன் செத்தபோது, கவரைப்பேட்டை வீட்டுச் சாவுக்குப் பாட அவர்களையே கூப்பிட்டார்கள். பாஸ்டர் ஜெபத்தை முடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தபடி கிளம்பினார். செட்டு மேளத்தை எடுத்தது.

சாவு கானாவில் பல்லவி முடிகிற இடத்தில் செத்தவனுடைய பெயர் வரும். உயிரோடு இருக்கிற ஒருவன் பெயரை அங்கே வைத்துப் பாடினால் மண்டை உடையும். அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

அன்றைக்கு அந்த இடத்தில் எபினேசரின் பெயர் வந்தது. பெட்டியைத் தூக்குகிற வரைக்கும் வந்துகொண்டே இருந்தது. பாடகன் டேனி கண்ணீர் விட்டுப் பாடினான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறு வருஷம் அதே பாட்டு, அதே மெட்டு, ஊரெல்லாம் அலறியது. எபினேசர் இருந்த இடத்தில் 'மச்சான்' இருந்தான். கல்யாண வீடுகளில் அதற்குக் குத்தாட்டம் போட்டார்கள்.

கம்பெனி மட்டும் என்ன யோக்கியமா. பையன் காதில் பாட்டை மாட்டிக்கொண்டிருந்தான், கத்தியது கேட்கவில்லை என்று விசாரணையில் மேனேஜர் சொல்லிவிட்டார். எபினேசரின் இயர்போன் அன்றைக்கு வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். ஒருத்தரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. வாயை அடைக்க ஹெலனுக்கு பேக்கிங்கில் ஒரு வேலை போட்டுக் கொடுத்தார்கள்.

அம்மா இப்போது வெளியே மேடைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளை செத்த இடத்தில் பிள்ளையின் பெயரை ஒரு தரம் கேட்டுவிட்டுப் போகவேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

ஹெலனின் முறை வந்தது. டேனி இரண்டு விரலை விரித்துப் படத்துக்குத் தயாரானான்.

"போன் எங்கம்மா?"

"படம் வேணாண்ணா. அந்த மச்சான் பாட்டுல ஒரு பேர் வெச்சிப் பாடணும். ஒரு வாட்டி."

"பேரெல்லாம் பாட முடியாது. போட்டோ எடுத்துக்கினு கெளம்பு."

"அது எங்க ஊட்டு சாவுல பாடுன பாட்டு. கவரப்பேட்டைல."

மேளக்காரன் மெல்லுவதை நிறுத்தினான். டேனியின் உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறிவிட்டது. வாசலில் நின்ற ஆளைக் கூப்பிடக் கையைத் தூக்கினான்.

"கூப்புடு. வெளிய கைக்கொழந்தைங்கள வெச்சிக்கினு உக்காந்துனு இருக்காங்க. நீ ஆடச் சொல்றது சாவுப் பாட்டுன்னு நானே மைக்க புடிச்சி சொல்றேன்."

கை இறங்கியது. "சாவுகிராக்கி" என்று முணுமுணுத்தான். விரலைத் துடைத்துக்கொண்டு, யாரிடமோ பேனா வாங்கி உள்ளங்கையை விரித்தான்.

"ஒரே வாட்டி. செத்தவன் பேர் இன்னா?"

ஹெலன் அவனையே பார்த்தாள்.

அவனுக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்குத் தொண்டை கிழியக் கூப்பிட்ட பெயர், இத்தனை காலம் அவனுக்குச் சோறு போட்ட பெயர், ஓர் எழுத்துகூட அவனிடம் மிச்சமில்லை.

எபினேசர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அண்ணன் பெயர் இன்னொரு தரம் இவன் வாயில் விழ வேண்டாம் என்று அந்த நொடியில் தோன்றிவிட்டது.

சொன்னாள். எழுதிக்கொண்டான்.

"வீரராகவன். சரியா? உன் அண்ணனா?"

ஹெலன் தலையை மட்டும் ஆட்டினாள்.

வெளியே வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சொன்னியாடி?" என்றாள் அம்மா. "பாடுவான்" என்றாள் ஹெலன். அதற்கு மேல் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பின் வரிசைகளில் எபினேசரோடு ஷிஃப்ட் பார்த்தவர்கள் குடும்பத்தோடு இருந்தார்கள். அத்தனை பேரும் அன்றைக்குச் சாவுக்கு வந்தவர்கள். பாட்டு எங்கே பிறந்தது, அந்த இடத்தில் யார் பெயர் வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

ஒலிபெருக்கி கரகரத்தது. "நமது மேனேஜர் திரு. வீரராகவன் அவர்களையும் குடும்பத்தாரையும் முன்வரிசையில் வந்து அமருமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறோம்."

பட்டுச்சேலை கட்டிய மனைவியோடு வந்தவர், உட்காரப் போகையில் ஹெலனின் பனியனைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னம்மா, உங்க ஆளுங்கதான் பாடறாங்க. ஆடுவியா?"

"மச்சான் பாட்டு வரட்டும் சார்" என்றாள்.