நானூற்றுப் பன்னிரண்டு கர்ஜனைகள்

"உலக இலக்கியத்துக்கு ஒரு முக்கிய அறிவிப்பு! என் நாவலில் ஒரு சொல்லைக்கூட வெட்ட விடமாட்டேன்!" என்று முழங்கினார் எழுத்தாளர்.

உலக இலக்கியத்தின் சார்பில் அந்த அறையில் இருந்தது அவருடைய மகள் மட்டும்தான். பதிப்பகத்தில் பிழை திருத்துபவள். மடியில் அப்பாவின் கையெழுத்துப் பிரதி, கையில் சிவப்புப் பேனா.

"கதையை யாரும் தொடலைப்பா. பேச்சு முடியுற இடத்துலயெல்லாம் 'என்று கர்ஜித்தான்', 'என்று உறுமினான்'னு எழுதியிருக்கீங்களே, அதை வெறும் 'என்றான்'னு மாத்தச் சொல்றாரு முதலாளி. எண்ணிப் பார்த்துட்டேன், நானூத்திப் பன்னெண்டு இடம். மாத்தினா நாளைக்கு அச்சுக்குப் போகுது. இல்லைன்னா கட்டித் திருப்பி அனுப்பிடுவாராம்."

"அந்த ஆளுக்கு இலக்கியம் என்றால் என்னவென்று தெரியுமா?" என்று சீறினார் எழுத்தாளர்.

"என்னடி சொல்றாரு?" சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள்.

"முதலாளியைத் திட்டுறாரும்மா."

"அவ்வளவுதானே? நான்கூட என்னமோன்னு பார்த்தேன்."

மகள் பக்கங்களைப் புரட்டினாள். "இதைக் கேளுங்க. 'உப்பு கொஞ்சம் கம்மி' என்று இடியென முழங்கினான். ஒரு சிட்டிகை உப்புக்கு எதுக்குப்பா இடி? அடுத்த பக்கத்துல மணி என்னன்னு கேட்கிறான். அதுக்கும் கர்ஜனை!"

"என் கதாநாயகன் அப்படித்தான் பேசுவான்!" என்று உறுமினார் எழுத்தாளர்.

"நிஜத்துல எந்த மனுஷன் வாயைத் திறந்தாலே இப்படிக் கத்துறான்?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எழுத்தாளர் பென்சிலை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்தாள். ஒரு தாளை உருவிச் சத்தமாகப் படித்தாள்.

"'என் கண்ணாடி எங்கே தொலைந்தது?' என்று வீடே அதிரக் கர்ஜித்தான்." அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எங்க தொலையும்? நெத்திமேலதான் இருக்கும்! அடியே, இது சாட்சாத் உங்கப்பாடி. இவர் போடுற சத்தத்துல எதிர் வீட்டுக்காரர் ஓடி வந்து தேடுவாரே, ஞாபகம் இருக்கா?"

சிரித்து முடித்த பிறகும் அந்தத் தாளை அவள் கீழே வைக்கவில்லை.

மகள் சிவப்புப் பேனாவை மூடினாள். "சரி. நானூத்திப் பன்னெண்டும் அப்படியே இருக்கட்டும். ஒண்ணையும் அடிக்கப் போறதில்லை."

"உன் முதலாளி?" என்று கிசுகிசுத்தார் எழுத்தாளர்.

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்ப்பா. திருப்பி அனுப்பட்டும், பார்த்துடலாம்."

"வாழ்க இலக்கியம்!" என்று வீடே அதிர முழங்கினார் எழுத்தாளர்.

மகள் அதைப் படித்துவிட்டு நோட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். 'என்று வீடே அதிர முழங்கினார் எழுத்தாளர்' என்பதையும் அவரேதான் பென்சிலால் எழுதியிருந்தார். அறுவை சிகிச்சையில் அவருடைய குரல்வளையை எடுத்து எட்டு மாதம் ஆகிறது.