எட்டாவது கையெழுத்து

"கையெழுத்து வைக்க ஏலாது அண்ணன். குறை நினைக்காதீங்க."

சரீப் மனுவை மடித்து மேசையின் மறுபக்கம் தள்ளினான். சின்னராசா அதைத் தொடவில்லை. கூட வந்திருந்த மருந்துக்கடைப் பாக்கியரத்தினம்தான் எடுத்துக்கொண்டார்.

துறைமுகத்துக்குப் போகும் அந்த வீதியில் எட்டுக் கடைகளில் இணைய இணைப்பு இருந்தது. 2007ஆம் ஆண்டு பாதிகூட முடியவில்லை, அதற்குள் லைன் வாடகையைத் தொலைபேசிக் கொம்பனி இரண்டாவது தடவையாகக் கூட்டியிருந்தது. மாதத்தில் பத்து நாள் லைன் செத்துக் கிடக்கும்; பில் மட்டும் ஒரு நாள் பிந்தாது. வேறு கொம்பனியிடம் போகலாமென்றால் வேறு கொம்பனி இல்லை. கைத்தொலைபேசிகளையோ பாதுகாப்பு என்று சொல்லி நினைத்த நேரம் நிறுத்திவிடுவார்கள். ஆகவே சின்னராசா மனு எழுதினார். அவரோடு சேர்த்து ஏழு பேர் கையெழுத்து வைத்தாயிற்று. யார் எவ்வளவு வாடகை கட்டுகிறார்கள் என்று மட்டும் யாரும் யாரையும் கேட்கவில்லை. பில்லைக் காட்டினால் வியாபாரம் தெரிந்துவிடும் என்பது அந்த வீதியின் பயம்.

"மனுக் குடுத்தா குறைக்க மாட்டாங்க அண்ணன். வந்து லைன் லைனாக் கிண்டித்தான் பாப்பாங்க" என்றான் சரீப். பாக்கியரத்தினத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "பின்னேரம் தனிய வாங்க. கதைப்பம்."

சின்னராசா பின்னேரம் போகவில்லை. தனியாகப் பேச என்ன இருக்கிறது? உள்ளே யாரையோ பிடித்து வாடகையைக் குறைத்திருக்கிறான். அதில் தன்னையும் சேர்த்து வாயை அடைக்கப் பார்க்கிறான். அப்படி நினைத்ததும் நெடுநாளாகப் புரியாமல் இருந்ததெல்லாம் அவருக்குப் புரிந்துபோயிற்று.

இரண்டு கடைகளும் நேரெதிர். சின்னராசாவுடையது வீட்டின் முன்னறை, இரண்டு கொம்பியூட்டர்கள். சரீப்பிடம் நான்கு, கண்ணாடிக் கதவு, கரண்ட் போனால் ஜெனரேட்டர். மணித்தியாலத்துக்கு இருவரும் வாங்குவது ஒரே காசு. பிறகு எப்படி அவனுக்கு மட்டும் கட்டுப்படியாகிறது? கட்டாரிலும் கனடாவிலும் இருக்கும் பிள்ளைகளின் முகம் பார்க்க நிலாவெளியிலிருந்தும் இறக்கக்கண்டியிலிருந்தும் தாய்மார் காலை பஸ்ஸில் வருவார்கள். சின்னராசாவின் வாசலில் இறங்கி, வீதியைக் கடந்து சரீப்பின் வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். துறைமுகத்துக்குள் கடற்படை தண்ணீருக்கடியில் வெடி போடும்போதெல்லாம் அந்தக் கண்ணாடிக் கதவு அதிரும். ஒவ்வொரு முறையும் சின்னராசா நிமிர்ந்து பார்ப்பார். அது ஒருநாளும் உடைந்ததில்லை.

"செருப்பை எண்ணினது போதும், சாப்பிட வாங்கோ" என்று மனைவி புஷ்பவதி உள்ளிருந்து கூப்பிடுவாள்.

மனுவைத் தபாலில் சேர்க்கும் பொறுப்பு சின்னராசாவுடையது. எட்டாவது கையெழுத்துக்கு விட்டிருந்த இடம் வெறுமையாக இருந்தது. அதில் அவர் தன் கையாலேயே எழுதினார்: 'இவ்வீதியில் கடை நடத்தும் ஒருவர் மட்டும் குறைந்த வாடகை கட்டி வருவதாகத் தெரிகிறது. சகலரிடமும் ஒரே வாடகையை அறவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.'

மூன்று கிழமைக்குப் பிறகு கொம்பனி அதிகாரி ஒருவர் கையில் ஃபைலுடன் மோட்டார் சைக்கிளில் வந்தார். நேரே சரீப்பின் கடைக்குள் போனார்.

சின்னராசா வாசலில் வந்து நின்றார். புஷ்பவதியும் பின்னால் வந்தாள்.

"பாவமப்பா. நாலு பிள்ளையள்."

"எல்லாருக்கும் ஒரு நியாயம்தானே" என்றார் சின்னராசா.

பத்து நிமிடத்தில் அதிகாரி வெளியே வந்து வீதியைக் கடந்தார். அவர் பின்னால் சரீப்பும் வந்தான்.

"மனு எழுதினது நீங்கள்தானே?"

"ஓம்."

"வாடகையைக் குறைக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. ஆனா கடைசியா எழுதியிருக்கிறது சரி. ஒராள் குறைச்சுத்தான் கட்டிக்கொண்டு வாறார்."

சின்னராசா சரீப்பைப் பார்த்தார். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இனி அவரும் மற்றவையைப் போலத்தான் கட்டவேணும். இப்ப கட்டுறதைப்போல ரெண்டரை மடங்கு வரும். பழைய வித்தியாசமும் சேரும்."

"கட்டத்தானே வேணும். ஏலாதெண்டால் கடையைப் பூட்டட்டும்" என்றார் சின்னராசா.

அதிகாரி ஃபைலில் ஒரு தாளைப் புரட்டினார். "அருளம்பலம் எண்டுறது ஆர்?"

"என்ர மாமா. அவர் செத்துப் பத்து வருஷம்."

"அவற்ற பேரில எழுபத்தொன்பதில எடுத்த வீட்டு லைன். அதிலதான் நீங்கள் கடை நடத்துறீங்கள். மற்ற ஏழு பேரும் கடை லைனுக்குரிய வாடகைதான் கட்டுகினம். சரீப்பும்தான்."

அதிகாரி நீட்டிய தாளில் சின்னராசா கையெழுத்து வைத்தார். மோட்டார் சைக்கிள் போய்விட்டது. சரீப் மட்டும் போகாமல் நின்றான்.

"உனக்கு முந்தியே தெரியுமோ?" என்றார் சின்னராசா.

"போன வருஷம் ஆமி சுற்றிவளைப்பு அண்டைக்கு உங்கட கடை பூட்டு. தபால்காரர் உங்கட பில்லையும் என்ட கடையில போட்டுட்டுப் போயிட்டார். என்டதெண்டு நினைச்சு உடைச்சுப் பாத்திட்டு, திரும்ப ஒட்டி உங்கட கதவுக்குக் கீழால தள்ளினேன்" என்றான் சரீப். "அதில வீட்டு லைன் எண்டு போட்டிருந்திச்சு. அதைச் சொல்லத்தான் அண்ணன் அண்டைக்குத் தனிய வரச் சொன்னேன்."