பெயர் மாற்றப்பட்டது

அறுவை மருத்துவர்கள் சிலர் நடுவயதிலேயே கத்தியைக் கீழே வைத்துவிடுவது ஏன் என்று ஆய்வு செய்துகொண்டிருந்த நஸ்ரீனிடம் மட்டும்தான் டாக்டர் திலகவதி அதைச் சொல்லியிருந்தாள். முதல் கீறலுக்கு முன் ஒரு கணம் அவள் கை நடுங்கும், உடனே அடங்கிவிடும். கணவனுக்குக்கூடத் தெரியாத அந்த நடுக்கத்தை, பெயர் வெளியே வராது என்ற உறுதியை நம்பிச் சொன்னாள். இன்று அவளுடைய மருத்துவமனையின் கருத்தரங்கக் கூடத்திலேயே, சக மருத்துவர்கள் நிறைந்திருக்க, நஸ்ரீன் அந்த வார்த்தைகளைத் திரையில் காட்டினாள். பெயரை மாற்றியிருந்தாள், ஊரை மாற்றியிருந்தாள், வயதையும் குறைத்திருந்தாள். பயிற்சிக் கருவிகள் எல்லாம் வலக்கைக்காரர்களுக்கே செய்யப்பட்டவை என்று நிறுவ வேண்டியிருந்ததால், 'இடக்கைப் பழக்கமுள்ள பெண் மருத்துவர்' என்பதை மட்டும் அப்படியே விட்டிருந்தாள். அங்கே இடக்கையால் கத்தி பிடிப்பவள் ஒருத்திதான். முன்வரிசைத் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பக்கத்தில் இருந்த துறைத்தலைவர் குனிந்து, மிகுந்த கனிவோடு சொன்னார்: "நாளைக்கு அந்தக் குழந்தை கேஸை முத்தழகு பாக்கட்டும்மா. நீங்க சும்மா கூட நில்லுங்க, போதும்."

"நிக்கிறதுக்கு எந்தக் கை சார் வேணும்?"

அவர் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் நஸ்ரீன் முகம் மலர ஓடி வந்தாள்.

"பாத்தீங்கள்ல மேடம்? உங்க பேரு ஒரு இடத்துலகூட வரல!"

திலகவதி எழுந்து, தன் இடக்கையை அந்தப் பெண்ணின் தோளில் வைத்தாள். அது நடுங்குகிறதா என்று கூடமே பார்த்துக்கொண்டிருந்தது.