வயலோரம் முந்நூறு வீடு

"முடியாதுன்னா முடியாதுதான். உங்க ஊர் ஜனங்களுக்கு நாங்க ஏன் இடம் குடுக்கணும்?"

சொல்லிவிட்டு ஹெஸ்டர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். மார்ல்வேல் வட்டார கவுன்சிலின் தலைவி அவர். இரண்டு வருடமாக இதே பதிலைத்தான் சொல்லிவருகிறார்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் மால்கம், பக்கத்து கிரேஸ்டன் நகர கவுன்சிலின் தலைவர். அவர் நகரில் வீடில்லாதவர்கள் ஏராளம், கட்டுவதற்கு ஒரு காலி மனை கிடையாது. மார்ல்வேலிலோ கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப் பசேல்.

பக்கத்துப் பக்கத்து கவுன்சில்கள் கூடிப் பேசித்தான் திட்டம் போட வேண்டும் என்பது இங்கிலாந்தில் விதி. பேச வேண்டும் என்கிறதே தவிர, ஒத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை. ஆகவே மாதம் தவறாமல் பேசினார்கள். அடுத்த கூட்டம் என்றைக்கு என்பதில் மட்டும் ஒவ்வொரு தடவையும் முழு உடன்பாடு ஏற்பட்டது.

இந்த முறை மால்கம் தனியாக வரவில்லை.

"இவங்க டோனா. எங்க ஊர் முதியோர் இல்லத்துல வேலை செய்யறாங்க. இவங்க கதையை நீங்களே கேளுங்க மேடம்."

டோனா கூச்சத்தோடு ஆரம்பித்தாள்.

"ரெண்டு பசங்களோட லாட்ஜ்ல ஒரே ரூம்ல இருக்கேன் மேடம். கவுன்சில்தான் போட்டுக் குடுத்தாங்க. கொஞ்ச நாளைக்குத்தான்னு சொன்னாங்க. என் பொண்ணு அந்த ரூம்லதான் நடக்கவே கத்துக்கிட்டா. இப்ப ஸ்கூலுக்குப் போறா."

"சமையல் எப்படிம்மா?" என்று கேட்டார் ஹெஸ்டர்.

"அடுப்பு வைக்கக் கூடாதாம். ஒரு கெட்டில் இருக்கு. கெட்டில்ல என்னென்ன சமைக்கலாம்னு கேளுங்க, புத்தகமே போடலாம்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். ஹெஸ்டருக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மால்கம் மேஜையைத் தட்டினார். "ரெண்டு மாடு மேயறதுக்கு இடம் இருக்கு, ரெண்டு குழந்தை வளர்றதுக்கு இடம் இல்லையா? மனசாட்சின்னு ஒண்ணு வேணாமா மேடம்?"

இரண்டு வருடமாக என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்று ஹெஸ்டருக்கு வெட்கமாகப் போயிற்று.

"எத்தனை வீடு வேணும்?"

"முந்நூறு. இடத்தை நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க."

ஹெஸ்டர் வட்டாரம் முழுக்க அலைந்து பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் பொருத்தமான இடம் ஒன்றுதான். ரயிலடிக்குப் பக்கம், மழைக்குத் தண்ணீர் தேங்காது. ஒரே சங்கடம், அந்த வயல் இருந்தது நெதர்கூமில். அவரை ஓட்டுப் போட்டு அனுப்பிய ஊரே அதுதான்.

அறிவிப்பு வந்த வாரமே ஊர் மன்றத்தில் கூட்டம். உட்கார நாற்காலி இல்லை.

"வானம்பாடி கூடு கட்டற இடம்மா அது!" என்று கண் கலங்கினார், வானம்பாடியைப் படத்தில்கூடப் பார்த்திராத ஒருவர்.

"நாங்க ஒண்ணும் வீட்டுக்கு எதிரி இல்ல ஹெஸ்டர். கட்டட்டும், நல்லாக் கட்டட்டும். இங்க வேணாம், அவ்வளவுதான்" என்றார் தபால் நிலையக்கார அம்மா.

"வேற எங்க?"

"அது உங்க வேலை."

"உனக்குப் போய் ஓட்டுப் போட்டோமே!" பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "அடுத்த தேர்தல்ல பார்த்துக்கறோம்."

ஹெஸ்டர் எழுந்தார்.

"தாராளமாப் பார்த்துக்கோங்க. நான் தோத்தா, திரும்பிப் போறதுக்கு எனக்கு ஒரு வீடு இருக்கு. டோனாவுக்கு இல்ல. கவுன்சில்ல நான் சரின்னுதான் கை தூக்கப் போறேன்."

வழக்கமாகக் கூட்டம் முடிந்தால் ஆளுக்கு ஒரு துண்டு கேக்கோடு அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். இன்று கேக்கும் வரவில்லை, ஆளும் வரவில்லை. ஹெஸ்டர் தனியாக வெளியே வந்து காரை நோக்கி நடந்தார். இருபது வருட அரசியல் அன்றைக்கு முடிந்துபோனது என்று அவருக்குத் தெரிந்தது. துக்கமாகத்தான் இருந்தது.

வழி நெடுக வீட்டு வாசல்களில் பலகைகள். 'வயலைக் காப்போம்! வீடுகள் வேண்டாம்!'

கடைசி வீட்டின் கேட்டில் ஒருவர் அப்போதுதான் பலகையை வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. ஊருக்குப் புதியவர் போலிருக்கிறது, இவர் ஓட்டும் போச்சு என்று நினைத்துக்கொண்டார் ஹெஸ்டர். போனால் போகட்டும், மரியாதைக்கு ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம்.

"ஹலோ, நான்தான் ஹெஸ்டர்."

மனிதர் திரும்பினார். கையில் சுத்தியல், வாயில் இரண்டு ஆணி.

மால்கம்!

ஆணிகளைத் துப்பிவிட்டு அசடு வழிந்தார். "மேடம்... இப்பதான் இங்க குடி வந்தோம். கிரேஸ்டன்ல எனக்கு ஒரு கடை இருக்கறதால பதவிக்கு ஒண்ணும் ஆகாது, வீடு மட்டும் இங்க. முந்நூறு வீட்டுக்கு நான் இப்பவும் ஆதரவுதான் மேடம், சத்தியமா! ஆனா இந்த வயல்... வீட்டுக்காரி ரொம்ப வருத்தப்படறா. வேற ஏதாவது இடம் பார்க்க முடியாதா?"

ஹெஸ்டர் தலையைச் சாய்த்து அந்தப் பலகையைப் பார்த்தார்.

"கோணலா இருக்கு மால்கம். எடுத்து நேரா அடிங்க. நாளைக்கு இந்த இடத்தைக் காட்ட டோனாவைக் கூட்டிட்டு வரேன். அவ படிக்க வேணாமா?"